புளியேரி வங்கும் கிளாஸரிக் கமிட்டியும்

புளியேரிக் கரையில் ஒரு நண்டு வளை தோண்டியது. சர்க்காரைக் கேட்காமல் தோண்டியது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சர்க்காரைக் கேட்டே நடந்தது. கேடு வந்ததும் அதனால்தான்.

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலையைப் பார்த்து இரண்டு கல் நடந்தால் புளியேரி வரும். கரைக்கு அடியில் சின்னண்ணனுக்கு மூன்று ஏக்கர் நிலம், ஒரு கூரை வீடு, இரண்டு எருமை, கந்தம்மாள். பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒருவருக்கு ஒருவர் என்று இருந்துவிட்டார்கள். அவன் பயந்த சுபாவம். அவள் தன் பங்குப் பயத்தையும் அவனிடமே கொடுத்துவிட்டுத் தைரியமாக இருந்தாள்.

1937-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு காலை, எருமைக்குப் புல் அறுக்கப் போன கந்தம்மாள் அதைப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே, கரையின் வெளிப்பக்கத்தில், ஒரு விரல் நுழையும் துளையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எலியோ நண்டோ கரைக்குள் குடைந்துபோகும் துளைக்கு அந்தப் பக்கத்தில் வங்கு என்று பெயர். பார்த்தால் விரல் நுழையும். உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்பது குடைந்த நண்டுக்குத்தான் தெரியும்.

"ஏனுங்க, கரையில வங்கு உளுந்திருக்குதுங்க. உங்க மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க, ரெண்டு நாள் வேலைதான்," என்றாள்.

ரெண்டு நாள் வேலைதான். மதகைத் தூக்கித் தண்ணீரை இறக்கி, வங்கு போன வழியே தோண்டிப் போய், களிமண் இட்டு மிதித்து இறுக்க வேண்டும். அப்பன் பாட்டன் காலத்தில் யாரையும் கேட்காமல் செய்தார்கள். இப்போது ஏரி மராமத்து இலாகாவுக்குப் போய்விட்டது. மதகுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நாமக்கல்லில் ஓவர்சியர் வைத்திருந்தார். கரைக்கு இரு பக்கமும் எல்லைக் கல் நட்டு, கல்லுக்கு உள்ளே மண்வெட்டி வைப்பவனுக்கு ஆறு மாதம் காவல் என்று தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே சின்னண்ணன் ஒரு மனு எழுதுவித்தான். கரையில் வங்கு விழுந்திருப்பதால் இரண்டு நாளைக்கு மதகைத் திறந்து, அதை அடைக்க உத்தரவு தர வேண்டும் என்பதே மனு. நாமக்கல் ஆபீசுக்கு நடந்தே போய்க் கொடுத்தான்.

குமாஸ்தா கண்ணுசாமி மனுவைப் படித்து, ஒரு சொல்லின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார். "வங்கு. இது கிளாஸரியில இல்லையே."

"அது கரையில இருக்குதுங்க சாமி."

"கரையில இருந்தா ஆச்சா? கிளாஸரியில இருக்கணும்."

விஷயம் இதுதான். புதிதாக வந்த என்ஜினீயர் துரைக்குக் கிராமத்து மனுக்களில் உள்ள சொற்கள் புரியவில்லை. அதற்கு மனுக்காரர்களைக் கேட்கலாம். நேரில் போய்ப் பார்க்கலாம். இரண்டும் அவருடைய அந்தஸ்துக்குப் பொருந்தாது. எனவே கிராமத்துச் சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதி, கிளாஸரி என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும் என்றும், அதில் ஏறாத சொல் உள்ள மனுவை மேலே அனுப்பக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். பட்டியல் தயாரிக்கச் சேலத்தில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. சொல் யாருடையதோ அவர் கமிட்டி கூடும்போதெல்லாம் ஆஜராக வேண்டும். அவருக்குச் 'சொல்லுக்குரியவர்' என்று பெயர்.

அப்படிச் சின்னண்ணன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சொல்லுக்குச் சொந்தக்காரனாகி, நாமக்கல்லில் பஸ் ஏறினான்.

கமிட்டியின் தலைவர் ராவ் சாகிப் குமாரசாமி. அவர் அதற்கு முன் பதினேழு கமிட்டிகளில் தலைமை வகித்தவர். மற்ற இரண்டு பேரில் ஒருவர் வெள்ளியங்கிரிப் புலவர். இன்னொருவர் கிரேக்கமும் லத்தீனும் படித்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு நீள பெஞ்சியில் சொல்லுக்குரியவர்கள், ஆளுக்கு ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, மடியில் கோழியோடு சந்தைக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

ராவ் சாகிப் எழுந்தார். "கனவான்களே, நூற்றுப் பதினெட்டுச் சொற்கள் நம் முன் காத்திருக்கின்றன. ஆனால் கிளாஸரி என்ற சொல்லுக்கே பொருள் தெரியாமல் அதில் ஒரு சொல்லைச் சேர்க்கலாமா? முதலில் அந்தச் சொல் எங்கே பிறந்தது, என்ன அர்த்தம், தமிழில் அதற்கு என்ன பெயர் என்று தீர்மானிப்போம். அவசரம் கூடாது. நான் தலைமை வகித்த பதினேழு கமிட்டிகளில் ஒன்றுகூட இதுவரை தவறான முடிவு சொன்னதில்லை. முடிவே சொல்லாததுதான் அதற்குக் காரணம் என்று சில பொறாமைக்காரர்கள் சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். கிரேக்கத்தில் கிளாஸா என்றால் நாக்கு. நாக்கிலிருந்து பாஷை என்று பொருள் வந்தது. பிறகு, வேற்று நாக்குக்காரர்களின் புரியாத சொல்லுக்கும் அதே பெயர். பழைய ஏடுகளில் அப்படிப்பட்ட சொல் வந்தால் படித்தவன் வரிக்கு இடையில் அதன் பொருளைச் சின்ன எழுத்தில் குறித்துவைத்தான். அந்தக் குறிப்புக்கும் அதே பெயர் வந்தது. குறிப்புகளைத் திரட்டி ஒன்றாக எழுதியதற்கு லத்தீனில் கிளாஸாரியம் என்று பெயர்.

"அதற்கு நாம் ஏன் கிரேக்க நாக்கை இரவல் வாங்க வேண்டும்? நம்மிடம் அரும்பதவுரை இருக்கிறது," என்றார் புலவர்.

"அரும்பதவுரை ஒரு நூலுக்கு. கிளாஸரி ஒரு ஜில்லாவுக்கு."

"அப்படியானால் நிகண்டு."

"நிகண்டு செய்யுளில் அல்லவா இருக்கும்?"

"செய்யுளில் எழுத நான் தயார்."

அதோடு அன்றைய கூட்டம் முடிந்தது. சின்னண்ணன் இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தான். கந்தம்மாள் அவனுக்குக் களி போட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"நாக்கைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க."

"யாரு நாக்கை?"

"கிரேக்கருன்னு யாரோ. அவங்க நாக்காமா."

"அவங்களுக்கு என்ன சீக்கு?"

"அது சொல்லலை. அடுத்த வாய்தாவுக்குத் தெரியும்."

கந்தம்மாள் சிரித்தாள். அவள் சிரித்ததில் அவனுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. அன்று வங்கில் இரண்டு விரல் நுழைந்தது.

சொல்லை மாற்றிவிட்டால் என்ன என்று அவனுக்கே ஒரு யோசனை தோன்றியது. வங்குக்குப் பதிலாக ஓட்டை என்று எழுதச் சொல்லி வேறொரு மனு கொடுத்தான். ஓட்டை, கமிட்டி உட்காரும் முன்பே இலாகா தானாக எழுதிவைத்த சில சொற்களில் ஒன்றாகப் பட்டியலில் ஏறியிருந்தது. 'ஓட்டை: சர்க்கார் கட்டடங்களின் கூரையில் உள்ளது' என்று அதற்குப் பொருள். மனு அன்றைக்கே மேலே போயிற்று. எட்டாம் நாள் ஏணியும் இருநூறு நாட்டு ஓடும் ஏற்றிய ஒரு வண்டி புளியேரிக்கு வந்து சேர்ந்தது. ஓடு மேய்கிற ஆள் கரையில் மேலும் கீழும் நடந்து கட்டடத்தைத் தேடினார். கந்தம்மாள் அவருக்கு மோர் கொடுத்து வங்கைக் காட்டினாள். நல்ல மனிதர், குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினார். ஓட்டை இருக்கிறது, கூரை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பொய் மனு கொடுத்ததற்காகச் சின்னண்ணனை எச்சரித்து ஒரு கடிதம் வந்தது.

ஆடி போய் ஆவணி வந்தது. கமிட்டி கிளாஸரிக்கு அருஞ்சொல் விளக்கம் என்று தற்காலிகமாகப் பெயர் வைத்து, தற்காலிகமாக என்றால் எவ்வளவு காலம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. நான்காவது கூட்டத்தில் சின்னண்ணனைக் கூப்பிட்டார்கள்.

புலவர் கேட்டார்: "வங்கு என்பது உனக்கு அரிய சொல்லா? விளங்கக் கடினமாக இருக்கிறதா?"

"இல்லீங்க சாமி. எங்கூர்ல நண்டுசிண்டுக்கெல்லாம் தெரியுமுங்க."

புலவர் மேஜையைத் தட்டினார். "கேட்டீர்களா? எல்லாருக்கும் விளங்குகிற சொல் அருஞ்சொல் அல்ல. அருஞ்சொல் அல்லாததை அருஞ்சொல் விளக்கத்தில் எப்படிச் சேர்ப்பது?"

"துரைக்குத் தெரியாதுங்களே," என்றான் சின்னண்ணன்.

"துரைக்குத் தெரியாத சொற்களையெல்லாம் சேர்த்தால் தமிழ் முழுவதையும் அல்லவா சேர்க்க வேண்டும்?" என்றார் ராவ் சாகிப். அதில் நியாயம் இருந்ததால் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

வெளியே வந்ததும் குமாஸ்தா கண்ணுசாமி அவன் காதோடு ஒரு வழி சொன்னார். அவரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கட்டுக்கட்டாக மனுக்களைச் சுமந்துகொண்டு வருபவர். அதன்படி அடுத்த கூட்டத்தில் சின்னண்ணன், "வங்குன்னா என்னன்னு எனக்கும் வெளங்கலீங்க, ரொம்பக் கஷ்டமான சொல்லுங்க," என்றான்.

"தன் சொல்லுக்கே பொருள் தெரியாதவர் எப்படிச் சொல்லுக்குரியவர் ஆவார்?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர். அது ஒரு கூட்டத்தைத் தின்றது.

பெஞ்சியில் அவனுக்குப் பக்கத்தில் பரமத்தி வேலூர்க் கொடிக்கால்காரர் ஒருவர் உட்காருவார். வெற்றிலைக் கொடியில் விழுந்த ஒரு நோயின் பெயரை வைத்துக்கொண்டு சித்திரை மாதத்திலிருந்து காத்திருந்தவர். புரட்டாசியில் அவரை எழுப்பி, கொடி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கொடியெல்லாம் பட்டுப்போய்விட்டது என்றார் அவர். கொடி இல்லையேல் நோய் இல்லை, நோய் இல்லையேல் சொல் தேவையில்லை என்று அவர் சொல்லை அடித்துவிட்டார்கள். இத்தனை மாதத்தில் கமிட்டி எடுத்த முதல் முடிவு அது. ராவ் சாகிப் எல்லாருக்கும் காபி தருவித்தார். கொடிக்கால்காரர் தம் பங்கைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஊரில் கந்தம்மாள் தினம் காலையில் ஒரு கூடைக் களிமண்ணும் வைக்கோலும் கொண்டுபோய் வங்கில் திணித்தாள். கையால் திணித்தாள்; மண்வெட்டி தொட்டால்தானே காவல். மறுநாளைக்குள் தண்ணீர் அதைத் தள்ளிவிடும். புரட்டாசிக் கடைசியில் முழங்கை வரை உள்ளே போயிற்று.

"ஒரு மாசத்துக்கு உங்கக்கா ஊட்டுக்குப் போயிரு கந்தம்மா," என்றான் சின்னண்ணன்.

"நாம்போயிட்டா மண்ணு யாரு அப்பறது? நீங்க அங்க போய்ச் சொல்லைப் பாருங்க. நானு இங்க வங்கைப் பாத்துக்கறேன்."

அவன் மறுபடி சொல்லவில்லை. அன்றைக்குக் காலில் விழுந்தாவது அவளை அனுப்பியிருக்க வேண்டும் என்று பின்னால் அவன் நினைத்து நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டதற்குக் கணக்கில்லை.

ஐப்பசி முதல் வாரம் ஓவர்சியர் வருஷாந்தரப் பார்வைக்கு வந்தார். இலாகாவின் எடுபிடியாளான கலாசி காத்தான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். வங்கருகே வந்ததும் ஓவர்சியர் காலை அகல வைத்துத் தாண்டி, பழுதுகளைக் குறிக்கும் அச்சுத் தாளான தம் நமூனாவை எடுத்தார்.

"சாமி, இதைக் கொஞ்சம் பாருங்க," என்றாள் கந்தம்மாள்.

"பார்த்தாச்சும்மா. என் நமூனாவுல மூணு பழுதுதான் இருக்கு. விரிசல், சரிவு, உடைப்பு. இது விரிசல் இல்லை. சரிவும் இல்லை. உடைப்பானா எழுதலாம்."

"உடைஞ்ச பொறவுங்களா?"

"உடனே எழுதிருவேன்," என்றார் ஓவர்சியர், ஆறுதலாக. பிறகு 'கரை நன்னிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காத்தான் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு கையாலும் மண் அள்ளித் திணித்துப் பார்த்தான். ஓவர்சியர் கூப்பிட்டதும் போய்விட்டான்.

ஐப்பசி பதினெட்டாம் தேதி ஒன்பதாவது கூட்டம். சேலத்தில் காலையிலிருந்தே மழை. பஸ்ஸில் வரும்போது கொல்லிமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்ததைச் சின்னண்ணன் பார்த்திருந்தான். அன்று அவன் பெஞ்சியில் உட்காரவில்லை. நேரே மேஜைக்கு முன்னால் போய்க் கைகூப்பிக்கொண்டு நின்றான்.

"சாமி, மலையில மழை புடிச்சிருச்சுங்க. அவ ஒருத்தியா இருக்கறா. நீங்க எந்தச் சொல்லு வேணும்னாலும் போட்டுக்குங்க, அர்த்தம் என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க. மதகை மட்டும் தொறக்கச் சொல்லுங்க."

ராவ் சாகிப்புக்கு அவன் கண்ணீர் பிடித்திருந்தது. அவர் கல் மனம் படைத்தவர் அல்ல. "கனவான்களே, ஒரு பாமரன் தன் சொல்லுக்காகக் கண்ணீர் விடுகிறான். தமிழ் வாழ்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அர்த்தம் எதுவானாலும் எழுதுங்கள் என்கிறான். கூடாது. தவறான பொருளால் ஒரு கரை நிற்பதைவிட, சரியான பொருளோடு அது விழுவதே ஒரு கமிட்டிக்குக் கௌரவம். ஆயினும் இவனுக்காக இன்றே முடிப்போம்," என்றார்.

அன்றே முடித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கிளாஸரிக்குத் தமிழ் என்ன என்பதை ஒரு துணைக் கமிட்டிக்கு விட்டார்கள். அதுவரை நாக்கின் நினைவாகக் கிளாஸரி என்றே இருக்கலாம் என்பதில் ஹெட்மாஸ்டருக்கு மகிழ்ச்சி. பிறகு, 'வங்கு: ஏரிக்கரையில் சிறு பிராணிகள் ஏற்படுத்தும் துவாரம், அபாயமற்றது' என்று ஒரு மணிக்கு எழுதினார்கள். அபாயமற்றது என்பதை எடுக்க வேண்டும் என்று சின்னண்ணன் மன்றாடினான். அதை எடுக்கச் சம்மதிக்க மூன்று மணி ஆயிற்று. மூன்றரைக்குச் சொல் பட்டியலில் ஏறியது. மதகைத் திறக்கச் சிபாரிசும் எழுதினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பெஞ்சியில் இருந்தவர்களும் தட்டினார்கள். அவர்களுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

கை தட்டின அந்த நேரத்துக்குப் புளியேரிக் கரை போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

கடைசியாகப் பார்த்தவர்கள், கந்தம்மாள் மழையில் நனைந்தபடி கூடையோடு கரையேறினாள் என்றார்கள். இறங்கி வரச் சொல்லிக் கத்தினார்களாம். இன்னும் ஒரு கூடை என்று கையைக் காட்டினாளாம். வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. எருமை இரண்டும் மேட்டில் நின்றுகொண்டிருந்தன. போகும் முன் அவிழ்த்துவிட்டிருந்தாள்.

மூன்று நாள் ஊரே சேர்ந்து வயல் மணலைத் தோண்டியது. சின்னண்ணன் சாப்பிடவில்லை. கந்தம்மாள் கிடைக்கவில்லை. எல்லைக் கல்லுக்கு உள்ளே சரிந்து கிடந்த மேட்டில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. விசாரணைக்கு வருவார்கள், உடைந்த கரை உடைந்தபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. தலையாரி காவல் நின்றான்.

நான்காம் நாள் ஓவர்சியர் வந்தார். கையில் மதகுச் சாவியும் உத்தரவும் இருந்தன. காத்தான் இரண்டு மண்வெட்டிகளோடு பின்னால் வந்தான். இரு பக்கமும் கரை கரைந்துபோய் மதகு தனியாக நின்றது. ஏரியில் சேறு. ஓவர்சியர் பூட்டைத் திறந்து, காத்தானை விட்டு மதகுப் பலகையைத் தூக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

"உன் மனுப்படி தொறந்தாச்சு. குறை தீர்ந்ததுன்னு இதுல ஒரு கைநாட்டு வை."

சின்னண்ணன் வைத்தான். பிறகு சரிந்த மேட்டைக் காட்டினான். "ஏனுங்க சாமி, அந்த மேட்டை மட்டும் வெட்டிப் பாக்கோணுங்க."

ஓவர்சியர் தயங்கினார். "கல்லுக்கு உள்ளே இருக்கே. சரி, ஒரு மனு குடு. நானே எழுதறேன். என்னன்னு எழுதட்டும்?"

"எம்பட ஊட்டுக்காரி உள்ள கெடக்கறான்னு எழுதுங்க."

ஓவர்சியர் இரண்டு வரி எழுதினார். பென்சில் நின்றது. பையிலிருந்து புதிதாக அச்சாகி வந்த பட்டியலை எடுத்துப் புரட்டினார். "ஊட்டுக்காரின்னு இதுல இல்லையே."

"கந்தம்மான்னு எழுதுங்க. பேருதானுங்க. பேருக்கு அர்த்தம் கேக்க மாட்டீங்கல்ல?"

"பேருக்குக் கேக்க மாட்டாங்க. ஆனா வெறும் பேரை எழுதினா, அது என்னதுன்னு கேப்பாங்க."

சின்னண்ணன் யோசித்தான். ஐந்து மாதமாக யார் எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தவன். இந்தத் தடவை காத்தானிடமிருந்து ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, எல்லைக் கல்லைத் தாண்டிப் போய் வெட்ட ஆரம்பித்தான்.

கரையை வெட்டுதல் பட்டியலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஓவர்சியர் நேரத்தைப் பார்த்துச் சின்னண்ணன் பெயரை எழுதிக்கொண்டார். காத்தான் இன்னொரு மண்வெட்டியோடு உள்ளே போனான். அவன் பெயரையும் எழுதிக்கொண்டார். தலையாரி வேறு பக்கம் திரும்பி நின்றான்.

நெடுநேரம் ஆகவில்லை. கல்லிலிருந்து இரண்டு முழம் உள்ளே, இடுப்பளவு ஆழத்தில் கந்தம்மாள் இருந்தாள். சின்னண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையாலேயே மண்ணை விலக்கினான். அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதான்.

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவருக்கும் கண் கலங்கியது. ஆனால் எழுதின இரண்டு பெயரையும் அடிக்கவில்லை. அடித்தல் திருத்தல் உள்ள குறிப்பை மேலே வாங்கமாட்டார்கள்.